பாட்டுப் பெட்டியோடு தாமிரபரணிக் கரையில்

திருநெல்வேலி ஸ்டேஷனில் இறங்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து உட்கார்ந்தபடியே வந்ததில் இடுப்பு மரத்துப்போயிருந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. கிராமபோன் கம்பெனியில் வெளியூர் ஏஜெண்டு வேலை பார்ப்பவனுக்கு அது அதிக வயது.

கையில் மூன்று சாமான்கள். பாட்டுப் பெட்டி ஒன்று. அதில் பொருத்துகிற பித்தளைக் குழாய் ஒன்று, பெரிய ஊமத்தம்பூ போல வாய் விரிந்தது. வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் பிளேட்டுகள், பாட்டுப் பதிந்த கறுப்புத் தட்டுகள். என் துணிமணிகள் பிளேட்டுகளுக்கு நடுவில் மெத்தையாகக் கிடந்தன. ஒரு வேட்டியை எடுக்க வேண்டுமானால் நான்கு வித்துவான்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

வந்த காரியம் இது. சேரன்மாதேவிக்கு அக்கரையில் ஒரு சிற்றூரில் சொக்கலிங்கம் பிள்ளை என்று ஒரு பெரியவர் இருந்தார். தமிழில் அவர் கட்டிய கீர்த்தனங்களைக் கொழும்பு முதல் சென்னை வரை பாடாத மேடை இல்லை. மார்கழியில் சீமையிலிருந்து ஒலிப்பதிவு செய்கிற துரை சென்னைக்கு வருகிறார். பிள்ளையே நேரில் வந்து தம் பாட்டுகளைக் குழாய்முன் பாடவேண்டும். அவரைச் சம்மதிக்க வைத்து அழைத்துவர வேண்டியது என் பொறுப்பு. இதற்கு முன் கம்பெனி எழுதிய எதற்கும் அவர் பதில் போடவில்லை. இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மானேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்தபடி சொல்வதை அவர் செய்துவிடுவார்.

அன்று மேலே போக வண்டி இல்லை. வண்ணார்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் தங்கினேன். கூட்டாஞ்சோறு போட்டார்கள். காயும் பருப்பும் அரிசியும் ஒன்றாக வெந்து குழைந்த சோறு. காய்ச்சல் வரப்போகிற உடம்புக்கு அது இதமாக இருந்தது. சென்னையில் வாயில் வைக்கமுடியாத தண்ணீரை வடிகட்டிக் குடித்துப் பழகியவனுக்கு இங்கே மண்பானைத் தண்ணீர் தித்தித்தது. தண்ணீரைப் புகழ்ந்தபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஆத்துத் தண்ணிதானவே. வேற எப்படி இருக்கும்?"

மறுநாள் காலை சேரன்மாதேவிக்குப் போகும் ரயிலில் எதிரே ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். பாளையங்கோட்டைக்காரர். குழாயைத் தன் மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். நான் யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"எங்க கோயில்ல பாடுத ஒரு கீர்த்தனை அவுக மெட்டுதான் சார். நாங்க வார்த்தைய மட்டும் மாத்திக்கிட்டோம். கேட்டதுக்கு, ஆரைப் பாடினா என்ன, ராகத்த விட்டு வெலகாமப் பாடுங்கன்னுட்டாக."

பிள்ளையின் கதையையும் அவர்தான் சொன்னார். பிள்ளை இளவயதில் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். ஒரு தேரோட்டத்தின்போது கோமதிநாயகம் என்கிற நாயனக்காரரின் வாசிப்பைக் கேட்டார். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அதன் பிறகு முப்பது வருஷம் பிள்ளை பாட்டுக் கட்டுவதும், கோமதிநாயகம் அதை முதலில் நாயனத்தில் வாசித்துப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நாயனத்தில் நிற்காத பாட்டைப் பிள்ளை கலைத்துவிடுவாராம். மேளக்காரர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பிள்ளையின் சொந்தக்காரர்கள் சிலர் அவரோடு போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

எனக்கு உற்சாகம் வந்தது. காரணம், கோமதிநாயகத்தின் பிளேட்டு என் பெட்டியில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் சென்னைக்கு வந்து வாசித்துக் கொடுத்தது. பிள்ளையின் ஆனந்தபைரவிக் கீர்த்தனம். போன மழைக்காலத்தில் கோமதிநாயகம் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார் என்பதும் எனக்குத் தெரியும். செத்த சிநேகிதனின் வாசிப்பை வீட்டுக் கூடத்திலேயே கேட்டால் எந்தக் கிழவர்தான் மசியமாட்டார்? ரயிலின் ஆட்டத்தில் இந்த யோசனை எனக்கு மிகவும் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. வாத்தியார் அதற்குள் இறங்கிப் போய்விட்டிருந்தார். அவரிடம் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்.

சேரன்மாதேவியில் ஆறு கரைபுரண்டு ஓடியது. வண்டி இறங்காது என்றார்கள். தோணிக்காக ஒரு புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றேன். தோணிக்காரன் குழாயைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது ஊதுகதா?"

"இல்லை. தானே பாடும்."

"அதுவே பாடுமா? பின்ன நீங்க எதுக்குக் கூட வாறிய?"

நடு ஆற்றில் ஒரு சுழிப்பில் தோணி ஆடியபோது அவன் என்னைப் பிடிக்காமல் குழாயைத்தான் பிடித்தான். நான் பிளேட்டுப் பெட்டியின் மேல் விழுந்தேன். முழங்காலில் தோல் போயிற்று. அக்கரையில் ஒரு கட்டை வண்டி கிடைத்தது. அதன் சக்கரம் வயல் வரப்பருகே சேற்றில் இறங்கிக்கொண்டது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு, குழாயைக் குடைபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். இந்த வயதில் இப்படியொரு ஊர்வலம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிள்ளை வீட்டில் இல்லை. வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை வடிக்கப் போயிருந்தார். மருமகள் காந்திமதி சுக்குக் காப்பி கொடுத்தாள். கருப்பட்டி போட்டது. பிறகு என் முழங்காலைப் பார்த்துவிட்டு மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஊர்ச் சத்திரத்துல தங்கிக்கிடுங்க. சாப்பாடு இங்கேருந்து வரும். காலைல வந்தியன்னா மாமாவப் பாக்கலாம். அந்தப் பெட்டிய மட்டும் இன்னைக்கித் தொறக்காண்டாம்."

மழைக்குத் திறக்க வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பிள்ளையைப் பார்த்தேன். மெலிந்த, நெட்டையான மனிதர். தோளில் ஈரத் துண்டு. பேச்சில் வித்துவானுக்குரிய மிடுக்கு ஒன்றுமில்லை. நெல் விலை, சென்னையில் மழை, என் முழங்கால் என்று விசாரித்தார். தோசையும் மிளகாய்ப் பொடியும் வந்தன. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவரே பார்த்துப் போடச் சொன்னார். சாப்பாடு முடிந்ததும் நான் விஷயத்தை எடுத்தேன். அவர் முகம் மாறவில்லை.

"வயசாயிட்டு. தொண்டை இல்ல."

"ஐயா, எதற்கும் பெட்டி எப்படிப் பாடுகிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்."

காந்திமதி அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். நான் பார்த்தேன். ஆனால் என் கை ஏற்கனவே சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கோமதிநாயகத்தின் பிளேட்டை வைத்து முள்ளை இறக்கினேன்.

நாயனம் எழும்பியது. தெருவில் போனவர்கள் வாசலில் கூடினார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுப்பு, அதாவது பல்லவி முடிந்து, அடுத்த அடிக்குப் போகும் முன்பே எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் முள்ளைத் தூக்கினேன்.

"சொன்னேம்லா," என்றாள் காந்திமதி.

அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. சென்னைக்குப் போகவேண்டாம் என்று கோமதிநாயகத்தைப் பிள்ளை தடுத்திருக்கிறார். பிளேட்டில் மூன்று நிமிஷந்தான் பிடிக்கும். பிள்ளையின் பாட்டோ மூன்று சரணத்தோடு விரிந்து, அரைமணிக்குக் குறையாமல் வாசிப்பது. கோமதிநாயகம் கேட்காமல் போனார். திரும்பி வந்ததும், பாட்டை அறுத்து விற்றுவிட்டு வந்திருக்கிறான் என்று பிள்ளை சொன்ன சொல் கோமதிநாயகம் குடியிருந்த திருநெல்வேலி டவுன் வரைக்கும் போயிற்று. அதிலிருந்து பேச்சில்லை. கோமதிநாயகம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இரண்டு முறை ஆள் வந்தது. பிள்ளை போகவில்லை. செத்த செய்தி வந்தபோதும் போகவில்லை. அதன் பிறகு ஒரு பாட்டும் கட்டவில்லை.

"வயலுக்குப் போறாக, வாராக. பாட்டுன்னு ஒரு வார்த்த கெடையாது," என்றாள் காந்திமதி. "நீங்க நாளைக்கே பொறப்பட்டுப் போயிருங்க."

அதில் கோபம் இல்லை. பகலுக்குப் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும் சத்திரத்துக்கு வழக்கம்போல வந்தன. காய்ச்சல் எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் பிடித்தது. கூரையில் மழை கொட்டுவதைக் கேட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தேன். மானேஜரின் சிரிப்பு அடிக்கடி நினைவுக்கு வந்தது. வீட்டில் என் மனைவி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். நான் இல்லாத வீடு அவளுக்குப் பழகியிருக்கும்.

நான்காம் நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பிள்ளை நின்றார்.

"அத இன்னொரு தடவ போடும்."

போட்டேன். இந்த முறை அவர் குழாய்க்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கை தொடையில் தாளம் போட்டது. முதல் சரணம் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் வரவில்லை. நாயனம் மேலே ஏறுவதுபோல் போய், ஏறாமல், பாதியிலிருந்து ஓர் இறக்கமாக இறங்கி எடுப்பில் வந்து உட்கார்ந்தது. பிள்ளையின் கை நின்றுவிட்டது.

"அந்தக் கடசிய மட்டும் போட முடியுமா?"

பிளேட்டில் குத்துமதிப்பாக முள்ளை வைத்தேன். பிறகு மறுபடியும். ஒவ்வொரு தடவையும் பழைய முள்ளை எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அவர் அதை நான் செய்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி எறங்கலாம்னு எனக்குத் தோணலியே," என்றார். "மேல போயி நிக்கணும்னுதான் நான் வச்சிருந்தேன். அதுக்கு மூணு சரணம் வேணும். இவன் நிக்காமலே வீட்டுக்கு வந்துட்டான் பாத்தீரா. அறுக்கலவே. அறுக்காமத்தான் கொண்டாந்திருக்கான்."

எனக்குச் சங்கீதம் தெரியாது, காது மட்டும் உண்டு. அவர் சொன்ன பிறகு அந்த இறக்கம் எனக்கும் கேட்டது.

"கேக்காமலே பேசிட்டேன்," என்றார். "அறுத்துட்டான்னு சொன்னவம் பேச்சக் கேட்டுட்டு, வாசிச்சவனக் கேக்கல." எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "டவுனுக்கு எங்கூட வாரீரா? இந்தப் பெட்டியோட."

காய்ச்சல் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பித்தளைக் குழாயைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வழியெல்லாம் மறுபடியும். சேறு, தோணி, ரயில். தோணிக்காரன்கூட அவரைப் பார்த்துவிட்டு என்னைக் கேலி செய்யாமல் துடுப்பு போட்டான். டவுனில் நாங்கள் ஏறிய ஜட்காவின் அச்சு நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் முறிந்தது. மீதி தூரத்தை நடந்தோம். கடைத்தெருவில் பலர் பிள்ளையை அடையாளம் கண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். தேரோட்டத்தைவிடப் பெரிய கூட்டம் எங்கள் பின்னால் வரும் என்று பயந்தேன். ஒருவரும் வரவில்லை. அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடையம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார். என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"நீங்க ஆரு?"

சொன்னேன்.

"பட்டணத்துக் கம்பெனியா. அவர் வந்து வாசிச்சாரே, அந்தக் கம்பெனியா?"

"ஆமாம் அம்மா. அவர் வாசித்த பிளேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஐயா அழைத்துவந்தார்."

"ஐயாவுக்கு இந்த வீடு தெரியுமாக்கும்," என்றார் என்னிடமே. "ரெண்டு தடவ ஆள் விட்டோம். வழி மறந்துபோச்சோன்னு இருந்தோம்."

பிள்ளை வாசற்படிக்கு வெளியே தலைகுனிந்து நின்றார். நான் குனிந்து பெட்டியின் கொக்கிகளைக் கழற்றினேன்.

"அம்மா இதைக் கேட்டிருக்கிறீர்களா?"

"எங்கன கேக்க? பெட்டிக்கு நாங்க எங்க போக? சந்தையில எங்கயோ பாடுதுன்னு சொல்லிக்கிட்டாங்க. போயி நின்னு கேக்கவா முடியும்?" அவர் தூணோரம் உட்கார்ந்தார். "போடுங்க."

நாயனம் கூடத்தை நிறைத்தது. அந்த அம்மாள் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மடியில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு, அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதைக் கேட்பதுபோலக் கேட்டார். நடுவில் ஒருமுறை, "நல்லாத்தான் வாசிச்சிருக்காரு," என்றார். அவ்வளவுதான்.

வழக்கமாக நாயனம் ஓய்ந்ததும் நான் முள்ளைத் தூக்கிவிடுவேன். மிச்சம் வெறும் இரைச்சல், முள்ளுக்குத் தேய்மானம். அன்று காய்ச்சலில் தூணில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டேன். எழுந்து தூக்க உடம்பு வரவில்லை. பிளேட்டு இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, தூரத்தில் ஒரு குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி கேட்டது.

"போதுமாவே?"

கண்ணைத் திறந்தேன். ஆவுடையம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கை தூணைப் பிடித்திருந்தது. அன்று சென்னையில் கோமதிநாயகம் வாசித்து முடித்துவிட்டு, குழாய் முன்னால் இருக்கிறோம் என்கிற நினைவே இல்லாமல் பக்கத்தில் நின்ற யாரையோ கேட்டிருக்கிறார். துரைக்குத் தமிழ் தெரியாது. சென்னையில் நாங்களும் யாரும் அதுவரை ஓடவிட்டுக் கேட்டதில்லை.

"அது... இப்ப பேசினது..." குழாயை விரலால் காட்டினார். "பாட்டு வேண்டாம். அத மட்டும் போடுங்க. அந்தப் பேச்ச."

முள்ளை மாற்றினேன். முதலில் சரியான இடத்தில் வைக்க முடியவில்லை. நாயனத்தின் கடைசி இறக்கம் வந்தது, இரைச்சல் வந்தது.

"போதுமாவே?"

"போதும்லே," என்றார் பிள்ளை.

படிக்கு வெளியே நின்றபடியே சொன்னார். குரல் உடையவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "போதும்லே கோமதி. நல்லா இருக்கு."

பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆவுடையம்மாள் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கும் கண் நிறைந்தது.

"எந்திங்க அண்ணாச்சி," என்றார். "வெளிய உக்காந்துக்கிட்டு. உள்ள வாங்க. பழஞ்சோறுதான் கெடக்கு. ஒல வைக்கேன்."

புதிதாகச் சோறு வடித்து, மோர்க்குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும் போட்டார். பிள்ளை கூடத்தின் வடக்கு மூலையில் போய் உட்கார்ந்தார். யாரும் அவருக்கு இடம் காட்டவில்லை, அது அவர் பழகிய இடம். எதிரே, கோமதிநாயகத்துக்கு என்பதுபோல, இன்னோர் இலை போடுகிற அளவுக்கு இடம் விட்டு ஆவுடையம்மாள் எனக்குப் போட்டார். சாப்பிடும்போது அவர்கள் கோமதிநாயகத்தின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எந்த வைத்தியர் வந்தார், படுத்திருந்தவர் என்ன கேட்டார், எந்த நாளில் நினைவு தப்பியது என்று. பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். வாய் கசந்தது. ஆனாலும் சோற்றை மிச்சம் வைக்க மனம் வரவில்லை.

பிளேட்டை அந்த வீட்டிலேயே விட்டேன். பெட்டி கம்பெனியுடையது, அதை விட முடியவில்லை. பெட்டியில்லாமல் பிளேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆவுடையம்மாள் அதை ஒரு பழைய பட்டுத் துண்டில் சுற்றி, நாயனம் தொங்கிய ஆணிக்குக் கீழே சாய்த்து வைத்தார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் பிள்ளையும் வந்தார். சென்னை வண்டிக்கு நேரமிருந்தது. இதற்குமேல் கேட்பது அழகல்ல என்று தெரிந்தும், மானேஜருக்கு ஒரு பதில் சொல்லவேண்டுமே என்பதற்காகக் கேட்டேன்.

"மார்கழியில் வருவீர்களா ஐயா?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எம் பாட்டு அங்கன ஏறிட்டுவே. கோமதி ஏத்திட்டான். அதுக்கு மேல நான் வந்து என்ன பாட? இனிமே இந்தப் பாட்டை ஆரு கேட்டாலும் அவன் எறங்கின எறக்கத்தத்தான் சொல்லிக் குடுப்பேன். மூணு சரணமும் பாடிட்டு, கடசில அதைத்தான் பாடணும்." பிறகு என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் விடலியே. வண்டில படுத்துக்கிடும்."

வண்டி வந்தது. பெட்டிகளையும் குழாயையும் அவரே ஏற்றிக் கொடுத்தார். பலகையில் இடம் கிடைத்தது. குழாயை ஜன்னலோரம் நிறுத்திவிட்டு, அவர் சொன்னபடி படுத்துக்கொண்டேன்.